மறுமணம் இல்லை என்று ஒரு ரேகை

அரசு வேலையில் இருந்த ஒருவர் செத்துப்போனால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதை வாங்குகிறவர்கள் அரை வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஆபீசுக்கு நேரில் வர வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்ட வேண்டும். கூடவே ஒரு தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். அந்தத் தாளின் ஐந்தாவது வரி இது: ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’

கள்ளக்குறிச்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வந்த முதல் நாளே ஓய்வூதிய மேசையில் உட்கார வைத்தார்கள். வேறு யாருக்கும் பிடிக்காத மேசை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது. காரணம், விதிப் புத்தகம். தடித்த புத்தகம், பாதி பக்கங்களில் பூச்சி அரித்த ஓட்டை. யாரும் அதைத் திறப்பதில்லை. எல்லாம் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திறந்தேன். ஒருவன் தினக்கூலியாக இருந்த காலத்தில் பாதியைத்தான் ஓய்வூதியத்துக்குச் சேர்ப்பார்களாம். மீதிப் பாதி வருஷம் அவன் எங்கே இருந்தான்? இந்த மாதிரி கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. கேட்கிறேன் என்று எரிச்சல்தான் பட்டார்கள்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு வாத்தியார் மனைவியிடம் ஐந்தாவது வரியைக் கேட்டுத் தொலைத்தேன். திருக்கோவிலூர் பக்கத்து அம்மாள், அறுபதைத் தாண்டியவர். “நீங்க மறுமணம் பண்ணிக்கிட்டீங்களாம்மா?” என்றேன். படிவத்தில் இருக்கிறதே, கேட்காமல் எப்படி எழுதுவது?

“இன்னாது?” என்றார் அந்த அம்மாள். “போயி உங்க அம்மாகிட்ட கேளுடி, இன்னொருத்தன் கட்டிக்கினியான்னு. வந்துட்டா கேக்கறதுக்கு.”

வரிசை மொத்தமும் சிரித்தது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த எழுத்தர் எழுந்து வந்தார். சின்னசேலத்திலிருந்து தினமும் வருகிறவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தார். ரேகை வைக்கிற கட்டம் மட்டும் வெளியே தெரிந்தது.

“இப்பிடி மடிச்சி வெச்சி, விரல புடிச்சி அமுக்கு. அத்தோட சரி. அத்தெல்லாம் போயி யாராச்சும் வாய்விட்டுக் கேப்பாங்களாம்மா?”

“அப்ப அந்த வரி எதுக்கு சார்?”

“அது கெடக்குது. உன்னிய இன்னா பண்ணுது?”

அன்றிலிருந்து நானும் மடித்தேன். எங்கள் ஆபீசில் அந்தத் தாளை முழுசாக விரித்துப் பார்த்த விதவை ஒருத்தியும் கிடையாது. நாட்டில் எத்தனை விதவைகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அரசாங்கத்துக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால் இப்படித்தான்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். போராட்டக்காரர்கள் அரசு வேலையில் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டு மறியல் செய்தார்கள். சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்ப்பார்கள். பஸ் நிற்கும், பால் வராது, தபால் வராது. ஆபீசில் இருந்தவர்கள் அதைக் கிண்டலாகப் பேசினார்கள். ஒருவன் மேசையில் சாய்ந்துகொண்டு, “வேலதான வேணும்? படிச்சிட்டு வர்றது” என்பான். அவன் அப்பா செத்ததும் அவர் வேலையில் வாரிசாக உட்கார்ந்தவன். அவனிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு என்னோடு பேசமாட்டான். அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒன்று புரிந்தது. அவர்கள் கேட்டது வெறும் வேலையை இல்லை. கரும்பு வெட்டவும் நாற்று நடவும் வேலை ஊரெல்லாம் கிடந்தது. கேட்டது, கிழவனான பிறகும் சோறு போடுகிற வேலையை. என் அப்பா களமருதூரில் ஊரான் நிலத்தில் நாற்பது வருஷம் வரப்பு கழித்து அண்டை வெட்டினார். முதுகு வளைந்த பிறகு ஒருநாள், “நீ எல்லாத்துக்கும் பென்ஷன் எழுதற. எனக்கு எவன் கிட்டம்மா எழுதி வாங்கறது?” என்றார். சட்டசபையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் திட்டுவார்.

மறியல் ஒரு வாரம் நீண்ட சமயம் அது. அந்த அரை வருஷ நேர்காணலுக்குக் கடைசி நாள். எங்கள் அதிகாரி ஊரிலிருந்து வர முடியவில்லை. மூத்த எழுத்தரும் வரவில்லை. நான் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்ததால் நடந்து வந்துவிட்டேன். நானும் காவலாளியும் மட்டும். வரிசை இல்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

பதினோரு மணி இருக்கும், ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். காலெல்லாம் செம்மண். யூரியா பை பிளாஸ்டிக்கில் சுற்றிய பென்ஷன் புத்தகத்தை மேசையில் வைத்தாள். கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். அவள் புருஷன் அங்கே அரசு விடுதியில் காவலராக இருந்து மஞ்சள் காமாலையில் செத்தவர். மூன்று வருஷமாக அவள் வருகிறாள், பேசியதில்லை.

“எப்பிடி வந்த? பஸ் இல்லியே.”

“நடந்துதான். நேத்து வெடியக்காலம் எறங்கனேன். கச்சிராயபாளையத்துல படுத்துக்கினு வந்தேன்.”

“மரம் வெட்டிப் போட்டிருக்காங்களே.”

“தாண்டிக்கினு வந்தேன். இன்னாத்துக்கு வெட்டறாங்க?”

சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நட்டவன கேட்டுட்டா வெட்டறாங்க?” என்றாள்.

பழக்கத்தில் தாளை நான்காக மடித்தேன். மைப் பெட்டியைத் திறந்தேன். அவள் கட்டை விரலை மையில் ஒற்றினாள். பிறகு விரலைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“இதுல இன்னா எழுதிக்கீது? படி.”

மலையில் ‘நீங்க’ போட்டுப் பேசுவது குறைவு. அதிகாரியையும் ‘நீ’ என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

“எப்பவும் வெக்கறதுதான்.”

“எப்பவும் கூட்டமா கீது, கேக்கறதுக்கு வழியில்ல. இன்னிக்கு ஆருமில்லியே. படி.”

அவசரமும் இல்லை. தாளை விரித்துப் படித்தேன். பெயர், ஊர், புத்தக எண், உயிரோடு இருக்கிறேன் என்கிற வரி. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஐந்தாவது வரியைப் படித்தேன். புரியவில்லை என்றாள். “வேற ஆளக் கட்டிக்கலன்னு சொல்ற மாதிரி” என்றேன்.

விரலை இழுத்துக்கொண்டாள்.

“அது இல்லியே. நான் வேற வூட்டுக்குப் போயிட்டேனே.”

வெட்கமோ பயமோ இல்லாமல் சொன்னாள். எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு நாக்கு எழாது. மலையில் விதவை இன்னொரு வீட்டுக்குப் போவது நடப்பு. கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. நாங்கள்தான் மடித்து வைத்துக்கொண்டிருந்தோமே.

“யாருக்கும் தெரியாது. வெச்சிடு” என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

“நீ படிச்சிட்டியே. பொய்யின்னு தெரிஞ்சி எப்பிடி வெப்பாங்க?”

“வெக்கலன்னா பணம் நின்னுடும்.”

அப்போதுதான் அவள் முகம் மாறியது. “அது எம்பணம் இல்லியே. பொண்ணு பணம். நான் தூக்கினு போயி அவங்க வூட்டுல குடுக்கறேன்.”

மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண்ணுக்குப் பத்து வயது. மலை வழக்கப்படி, அம்மா வேறு வீட்டுக்குப் போனாலும் பிள்ளை அப்பன் வீட்டுச் சொத்து. செத்தவரின் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அடுத்த வருஷம் மலையிறங்கிக் கச்சிராயபாளையத்தில் தங்கிப் படிக்க வேண்டும். பணம் வந்தால் அனுப்புவதாகப் பெரியப்பன் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் பெண் அவருடைய ஆடுகளுக்குப் பின்னால் போக வேண்டியதுதான்.

அவள் விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். எங்கேயோ படித்த ஞாபகம். அரைமணி நேரம் தேடினேன். அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். காவலாளி அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். கடைசியில் இருந்தது. விதவை மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுபோகாது. அவளை விட்டு, செத்தவரின் பிள்ளைக்குப் போகும். வயது வரம்பு வரைக்கும் கிடைக்கும். எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. மறுமணம் செய்துகொண்டேன் என்று யாரும் சொன்னதே இல்லையே.

“பொண்ணு பேருக்கே மாத்திடலாம்” என்றேன்.

“அதான் சரி” என்றாள். ரேகை வைக்காமலே போனாள்.

எனக்கு ஒரே உற்சாகம். மறியல் முடிந்ததும் மெட்ராசில் இருக்கிற மேலாபீசுக்கு நானே கடிதம் எழுதினேன். நேர்மையாக எழுதினேன். இன்னார் மறுமணம் செய்துகொண்டதாகத் தானே தெரிவிக்கிறார், ஆகவே மகள் பெயருக்கு மாற்றித் தரவும் என்று. அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறு மாதமே பணத்தை நிறுத்தச் சொல்லி வந்தது. மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூத்த எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். “உன்னிய எவம்மா எழுதச் சொன்னது? நிறுத்தறதுன்னா ஒரே நாளு. குடுக்கறதுன்னா தலமொற ஆவும். நாப்பது வருசமா மடிச்சி மடிச்சி எத்தினி பேருக்குச் சோறு போட்டேன் நானு. நீ விரிச்சிக் காட்டி வாயில மண்ணப் போட்டுட்டியே.”

அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை.

அவள் ஒவ்வொரு மாதமும் வந்தாள். கடுக்காய் மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு என் மேசைக்கு எதிரில் நிற்பாள். “வந்துச்சா?” “இல்ல.” “சரி.” போய்விடுவாள். நாலு மாதம் இப்படி. அவள் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்தாவது மாதம் மெட்ராசிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மறுமணம் நடந்த தேதி என்ன? ஆதாரம் அனுப்புக. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய தொகையைத் திரும்ப வசூலிக்கவும்.

வசூலாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். அவள் வேறு வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம். அந்தப் பணத்துக்கு எங்கே போவாள்? கடுக்காய் பொறுக்கி மூட்டையாகக் கொடுப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தேன். சாமைக்கொல்லைகளுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். செத்தவரின் அண்ணன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் யார் என்று சொன்னதும், “பணத்த நிறுத்தனவ நீதானா?” என்றார். ஆமாம் என்றேன். “குந்து” என்றார்.

அவளையும் புதுப் புருஷனையும் பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நான் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்:

“உங்க ரெண்டு பேருக்கும் என்னிக்கிக் கல்யாணம் ஆச்சி?”

கேள்வியே அவர்களுக்கு விளங்கவில்லை.

“போன வருசத்துக்கு முந்தின வருசம் சாமை அறுப்புக்கு முன்னாடி போனா” என்றார் பெரியப்பன். “ஆனா அது கல்யாணமா இல்லியான்னு எப்பிடிச் சொல்றது? பரிசம் இன்னும் தீரலியே.”

அவர்கள் ஊர் வழக்கம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விதவையைக் கூட்டிப்போகிறவன், செத்தவன் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும். இவளுக்கு ஊர் பேசியது நாலு வள்ளம் சாமையும் ஒரு வெள்ளாடும். சாமை கொடுத்தாகிவிட்டது. ஆடு பாக்கி.

“ஆடு வராத வரிக்கும் அவ எந்த வூட்டுக்காரி?” என்று கேட்டேன்.

“பாதி எங்க வூடு, பாதி அவங்க வூடு” என்றார் ஒருவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தினக்கூலியின் வருஷத்தைப் பாதியாக எண்ணுகிற அரசாங்கத்திடம் நான் வேலை பார்க்கிறேன். பாதிக் கல்யாணத்தை நான் எப்படிக் குற்றம் சொல்வது? ஒன்று மட்டும் விடாமல் கேட்டேன். “முழுசா எப்ப கல்யாணமாவும்?”

“ஆடு வந்தா.”

“இவரு செத்துப்போனா, ஆடு குடுக்காமயே?”

“அப்ப அவ எங்க வூட்டு விதவதான். எங்க தம்பி பொண்டாட்டிதான். அவ சாவுக்கும் எங்க வூட்டுலேர்ந்துதான் கோடித்துணி எடுப்போம்.”

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். அவர்கள் சட்டப்படி அவள் இன்னும் மறுமணம் செய்துகொள்ளவில்லை. விதிப் புத்தகத்திலும் பழங்குடி மக்களின் கல்யாணத்துக்கு அவர்கள் வழக்கம்தான் கணக்கு. அப்படியானால் இன்றைய தேதி வரை அவள் வாங்கியது அத்தனையும் முறையானது. வசூலிக்க ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னேன். பெரியப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி, அப்ப அன்னிக்கே ரேக வெச்சிட்டு வர்றதுதான? ஆடு வரலியேன்னு சொல்றதுக்கின்னா?”

“போனவ போனவதான்” என்றாள் அவள். “ஆடு உங்களுக்கு. எனக்கின்னா ஆட்டுக் கணக்கு?”

கூட்டம் சிரித்தது. புதுப் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சரி, உனக்கு எந்த நாளு வோணும்?” என்று பெரியப்பன் என்னைக் கேட்டார்.

“எனக்குன்னு நாளு கெடையாது. நடக்கற நாள எழுதறேன்.”

“அப்ப இன்னிக்கே நடக்கட்டும். டேய், போயி ஆட்டப் புடிச்சிக்கினு வா. எத்தினி நாளு இழுப்ப? கவர்மெண்டே வந்து குந்திக்கீது பாரு உன் ஆட்டுக்கு.”

அவன் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். கூட வந்தது ஒரு காது கிழிந்த வெள்ளாடு. “நல்ல ஆட்ட வூட்டுல வெச்சிட்டு வந்திருக்கான்” என்றாள் ஒருத்தி. பெரியப்பன் ஆட்டின் பல்லைப் பார்த்தார், முதுகை அமுக்கினார், முகத்தைச் சுளித்தார், கயிற்றை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் கல்யாணம். நான் தேதி போட்டு எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஊர்க்காரர்கள் ரேகை வைத்தார்கள். அவளும் இந்தத் தடவை தயங்காமல் வைத்தாள். பெண் குழந்தை கதவோரம் நின்று அம்மாவின் கல்யாணத்தைப் பார்த்தது. பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டியது. எனக்குச் சாமைச் சோறும் கீரையும் போட்டார்கள். பெரியப்பனிடம், “பொண்ண எறக்கி வுடுவீங்களா படிக்க?” என்று கேட்டேன். “நீ பணத்த வுடு, நான் பொண்ண வுடறேன்” என்றார்.

ஆதாரத்தை அனுப்பினேன். மெட்ராசில் ஆட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுமணத் தேதி என்கிற கட்டத்தில் ஒரு தேதி இருந்தது, அவர்களுக்குப் போதும். பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருக்கும்போது உத்தரவு வந்தது. மகள் பெயரில் ஓய்வூதியம். காப்பாளர், தாய். பெரியப்பனைக் காப்பாளராகப் போட்டுக் கேட்டிருந்தேன். தாய் உயிரோடு இருக்கும்போது வேறு ஆளை ஏற்கமாட்டார்களாம். பெரியப்பன், “எவ பேருல இருந்தா இன்னா, வந்தா சரி” என்றார்.

முதல் மாதம் வாங்க மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். அவள், பெரியப்பன், பெண். பெண்ணுக்குப் புதுப் பாவாடை. மூத்த எழுத்தர் என் காதருகில் வந்து, “இன்னிக்காவது மடிச்சி வெய்யிம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றார். காப்பாளருக்கென்று தனியாக ஒரு தாள் இருந்தது. நானும் அதை முதல் தடவையாகத்தான் பார்த்தேன். அவள் விரலை மையில் ஒற்றினாள். தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“படி.”

படித்தேன். குழந்தை உயிரோடு இருக்கிறது. சரி. குழந்தைக்குத் திருமணம் ஆகவில்லை. பெண் சிரித்தாள். அடுத்த வரி: ‘குழந்தை என் பராமரிப்பில் இருந்து வருகிறது.’

விரல் பின்னால் போனது.

“எங்கிட்ட இல்லியே. இவங்க வூட்டுலதான கீது.”

மூத்த எழுத்தர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பன் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் பதினைந்து நாள் இருந்தது.

மெட்ராசுக்கு இன்னொரு கடிதம் எழுதுகிற முட்டாள்தனத்தை நான் செய்யவில்லை. விரலைப் பிடித்து அமுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. பேனாவை எடுத்தேன். ‘என் பராமரிப்பில்’ என்பதைக் கோடு போட்டு அடித்தேன். மேலே ‘தன் தகப்பன் வீட்டில்’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் படித்துக் காட்டினேன்.

“அதான்” என்று சொல்லிவிட்டு ரேகையை வைத்தாள்.

அச்சடித்த அரசுப் படிவத்தில் ஒரு இளநிலை உதவியாளர் கை வைப்பது குற்றம். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அரை வருஷம் கழித்து மறுபடியும் அடித்தேன், மறுபடியும் எழுதினேன். அந்தப் பெண் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவரைக்கும் அப்படியே செய்தேன். இடையில் மூன்று அதிகாரிகள் மாறினார்கள், ஒரு தணிக்கையும் வந்து போனது. அந்தக் கோட்டை யாரும் பார்க்கவில்லை. ரேகை வைத்தவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.